மாடு தின்ற தாள்

தம்பி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, கேட்கப் போவதில்லை. உன் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை என்பது உன் பெண்சாதியின் காதைப் பார்த்தாலே தெரிகிறது. இடது காது. நாலு நாளாகியும் வீக்கம் வற்றவில்லை. உள்ளே வண்டு பறக்கிற மாதிரி இரைகிறதாம். திங்கட்கிழமை சிரம்பான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நம் பால்கடை வாசலில் நின்றபோது முந்தானையை அந்தக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கன்னத்தில் விரல்கள் பதிந்த இடத்தைப் பார்த்தேன். அகலமான விரல்கள், சுண்டுவிரல் மட்டும் தள்ளி விழுந்திருந்தது. எனக்கும் சுண்டுவிரல் அப்படித்தான் விலகும். அது என் கை, தம்பி. உன் தோளில் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீ எழுதியது நாலே வரி. அவளை உடனே அனுப்பி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதம் எதிலும் நீ கையெழுத்துப் போட மாட்டாய். அம்மாவை அறுத்துக் கொன்றது போதும், இவளையும் அறுக்க விடமாட்டாய். அறுத்துவிட்டால் அப்புறம் அவள் உனக்கு எதற்கு. இந்தக் கடைசி வரியை என் எதிரில் நின்று சொல்லியிருந்தால், உனக்கு இருபத்தைந்து எனக்கு ஐம்பத்தெட்டு என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன். உன் முன்பல் இரண்டையும் உன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் அதற்கு முந்திய வரிக்கு உன்னை அடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அம்மாவை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னவன் நான். அது பொய். ஆறு வருடமாக அந்தப் பொய் உனக்குள் இருந்து, இப்போது உன் பெண்சாதியைக் கொல்லப் பார்க்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. கொண்டுவருகிற லாரிக்காரர் வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இதில் ஒரு படி எடுத்துத் தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன், பெயர்களைப் போடாமல். உன்னை மாதிரி மகன்களும் என்னை மாதிரி அப்பன்களும் மலாயா முழுக்க இருக்கிறார்கள்.

தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, நீ பண்டார் ஹிலிரில் கூட்டாளிகளோடு சுற்றிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, நம் காஜா பேராங் சாலையில் மாதர் வேன் வந்து நின்றது. தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் பிறத்தியார் வீட்டுத் துணி துவைத்தும் பிழைக்கிற பெண்களுக்கு மாரைத் தொட்டுப் பார்த்து, கட்டி இருக்கிறதா என்று காசு வாங்காமல் சொல்கிற வேன். உன் பெண்சாதியை வரிசையில் நிற்கச் சொன்னவன் நான்தான், உன் சந்தேகம் சரி. டாக்டரம்மாவின் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, புருஷனையும் கூட்டிப் போ என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைத்தான் நீ கசக்கி அவள் முகத்தில் எறிந்துவிட்டு அறைந்திருக்கிறாய். அவள் அதைப் பொறுக்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நேற்று நானே கூட்டிப் போனேன். வருகிற திங்கட்கிழமை அறுத்து எடுக்கலாம், இப்போது எடுத்தால் பிழைப்பாள் என்கிறார்கள். புருஷன் கையெழுத்து வேண்டுமாம். மாமனார் கையெழுத்து செல்லாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இனி உன் அம்மாவின் கதை. நீ சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன வருடம், சுதந்திரம் வரப்போகிற வருடம். அப்போது நம்மிடம் பதினொரு மாடு. ரப்பர் மரம் வெட்டுகிற கித்தாத் தோட்டத்திலிருந்து ஒரு கிழட்டுப் பசுவோடு இந்த ஊருக்கு வந்தவன் பதினொரு மாடாக்கினேன் என்றால் உழைப்பால் மட்டும் இல்லை, குழாய்த் தண்ணீராலும்தான். உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டோம். அந்த வருடம் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளெல்லாம் கொடி கட்டித் தோரணம் விட்டுக் கூட்டம் சேர்ந்ததில் டீக்கடைக்காரர்கள் இரண்டு பங்கு பால் கேட்டார்கள். மாடு இரண்டு பங்கு கறக்குமா? குழாயை இரண்டு தடவை திறந்தேன். இதற்கு ஒரு மாதம் முன்னால்தான் முனிசிபல் இன்ஸ்பெக்டர் என்னைப் பிடித்திருந்தார். பாலில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, என் எட்டு டின் பாலையும் காப்பிக்கடை எதிரில் லோங்கானில் கொட்டினார். சாக்கடை வெள்ளையாக ஓடியது. பூனைகள் வந்து நக்கின. வாடிக்கைக்காரர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு சம்மன் வந்தது, இங்கிலீஷில், முத்திரை குத்திய ஒரு தாள். எனக்குத் தமிழே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். இங்கிலீஷ் தாளில் முத்திரை இருந்தால் அது சம்மன், அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த இன்ஸ்பெக்டர் வரும்போது அவருடைய ஆள் முன்னால் நடந்து போட்ட சத்தம் "சூசு பெரிக்சா". பால் பரிசோதனை. இந்த இரண்டு வார்த்தையும் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டன. நீயும் மலாய் பேசுகிறவன், யோசித்துப் பார். சூசு என்றால் பால். பெண்ணின் மாருக்கும் மலாயில் அதே சொல்தான். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் காலையும் மாலையும் பால் விற்கிறவன் காதில் சூசு என்று விழுந்தால் பாலைத் தவிர வேறு என்ன நினைப்பு வரும்?

ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் கறவை முடிந்திருந்தது. நான் கொட்டகைக்குள் டின்களை வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்திருந்தேன். வெளியே தகரக் குழல் வைத்து ஒரு பெண் கூவுகிறாள்: சூசு பெரிக்சா, சூசு பெரிக்சா. அதன்பிறகு பெண்களுக்கு மட்டும் என்று மலாயில் சொன்னாளாம், காசு வேண்டாம் என்றாளாம். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. கூவியது யார் என்றால், நமக்குப் பின்னால் செட்டிகள் குடியிருக்கிற செட்டி கம்பத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி. அந்த அம்மா கும்பிடுவது நம் மாரியம்மனை. வாயைத் திறந்தால் மலாய். தமிழில் அண்ணே, தண்ணி, பூசை என்று பத்துச் சொல் வந்தால் அதிகம். வேனுக்குள் இருந்த டாக்டரம்மா சீனத்தி, அவர் பேசுவது இங்கிலீஷ். அவர் சொன்னதை மிஸ்ஸி மலாயில் மாற்றிக் கூவினார். தமிழில் மாற்ற ஆள் இல்லை. எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேன், வெள்ளை உடுப்பு, கையில் நோட்டு. முனிசிபலில் இருந்து பொம்பளை இன்ஸ்பெக்டரை அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

நான் என்ன செய்தேன் என்பதைக் குறைக்காமல் எழுதுகிறேன். கன்று போட்டு நாலு நாளான ஒரு மாடு இருந்தது, வளைந்த கொம்பு, கன்றுக்குப் பக்கத்தில் யாரையும் விடாது. அந்தக் கன்றைத் தூக்கிக் கொண்டுபோய் வேனுக்கு அந்தப் பக்கம் விட்டேன். திரும்பி வந்து மாட்டை அவிழ்த்துவிட்டேன். ஒரு மனிதனை அடித்தால் போலீஸ் வரும், மாடு முட்டினால் யார் என்ன செய்ய முடியும் என்பது என் கணக்கு. வரிசையில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். ஒரு கிழவி தன் செருப்பையும் விட்டுவிட்டு வேலிமேல் ஏறினாள். மாடு வேனின் கதவில் ஒரு குத்து குத்தி, அடுத்த குத்தில் மிஸ்ஸியை லோங்கானில் தள்ளியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. காய்ந்த தென்னமட்டையை மிதித்த மாதிரி. நான் கைகட்டி நின்றேன். சந்தோஷமாக இருந்தது, தம்பி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த நேரத்தில் வேனுக்குள் படுத்திருந்தவள் உன் அம்மா. வரிசையில் முதலாவதாக நின்றவள் அவள்தான். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது, மலாய் கடைக்குப் போகிற அளவுக்குத்தான். ஆனால் அவளுக்கு மட்டும் அந்தக் கூவல் சரியாக விளங்கியிருக்கிறது. ஏற்கெனவே உடம்பில் கட்டி இருப்பவளுக்கு எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்கும் போலும்.

பின்வாசல் வழியாக வந்தாள். நான் தண்ணீர் கலந்த பாலையெல்லாம் எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தேன், தடயம் இருக்கக்கூடாது என்று. அவள் கையில் ஒரு தாள். இங்கிலீஷ். கீழே முத்திரை. எங்கிருந்து வந்தது என்றேன். வேனில் கொடுத்தார்கள் என்றாள். பாலைப் பற்றி அவர்களிடம் என்ன உளறினாய் என்றேன். அதற்கு அவள் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"பாலைப் பாக்கலைங்க. என்னைத்தான் பாத்தாங்க."

இவளைப் பிடித்து வைத்து விசாரித்திருக்கிறார்கள், இவளும் தண்ணீர்க் கதையைக் கக்கிவிட்டு என் பெயருக்குச் சம்மன் வாங்கி வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்து, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் போட்டேன். பிறகு மாட்டுக் கயிற்றை எடுத்தேன். முனையில் முடிச்சுப் போட்ட கயிறு. எத்தனை அடி என்று எண்ணவில்லை. முதுகில், தோளில், கழுத்தில், விழுந்த இடத்திலெல்லாம். தவிட்டு மூட்டைமேல் சாய்ந்தாள், எழுந்தாள், மறுபடி சாய்ந்தாள். அடிபடுகிறவர்கள் முகத்தை மறைப்பார்கள். அவள் மறைக்கவில்லை. இரண்டு கையையும் குறுக்கே வைத்து இடது மாரை மட்டும் மறைத்துக்கொண்டாள். கயிற்றுச் சுழலில் முகம் கிழிந்து ரத்தம் வந்தபோதும் கையை அங்கேயிருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு அதை நான் பார்த்தேன். கவனித்தது ஒன்பது மாதம் கழித்து, அவள் பாடையில் கிடந்தபோது.

இதில் நான் சொல்லிக்கொள்ளவே கூசுகிற ஒன்று உண்டு. தினமும் இரண்டு வேளை பதினொரு மாட்டின் மடியை இந்தக் கையால் தொட்டுப் பார்க்கிறவன் நான். நாற்பத்துநாலு காம்பு. எங்கேயாவது ஒரு பட்டாணி அளவு கட்டி தட்டினாலும் அந்த நிமிடமே மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்புவேன். இருபத்திரண்டு வருடம் என் பக்கத்தில் படுத்தவளுக்கு என்ன இருந்தது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா வேனுக்குள் செய்ததும் நான் கொட்டகையில் செய்வதும் ஒரே வேலைதான். அவர் செய்தார் என்று மிஸ்ஸியின் கையை உடைத்தேன்.

மாடு முட்டியதற்குப் பிறகு வேன் நம் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. போலீஸ் வந்தது, மாடு அவிழ்த்துக்கொண்டது என்றேன், நம்பிவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்தது. பட்டாசு வெடித்தார்கள், நானும் வெடித்தேன். உன் அம்மா அதன்பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. எந்தத் தேதிக்கு எங்கே போக வேண்டும் என்பது அந்தத் தாளில் இருந்தது, தாள் சாம்பலாகிவிட்டது. எட்டு மாதம் கழித்து வீட்டில் ஒரு வாடை. பால் கெட்ட வாடை என்று நினைத்தேன். டின்களைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்க வைத்தேன், அவளையே தேய்க்க வைத்தேன், சரியாகத் தேய்க்கவில்லை என்று திட்டினேன். வாடை போகவில்லை. ஒருநாள் அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கை எழவில்லை, குடம் விழுந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், கோபத்தில்தான். முந்தானை நழுவியது. மஞ்சளும் வேப்பிலையும் வைத்து இறுக்கிக் கட்டிய துணி. அந்தத் துணிக்குள் என்ன இருந்தது என்பதை உனக்கு எழுத மாட்டேன். மாட்டின் கொம்பு குத்திய புண்ணுக்குக்கூட மருந்து வைத்தவன் நான். அன்றைக்கு வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சீன டாக்டரம்மாவேதான் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றது அந்த மிஸ்ஸி. மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்ட முதல் கேள்வி அவருடைய கையைப் பற்றி இல்லை.

"அண்ணே, இத்து கெர்த்தாஸ் மானா?"

அந்தத் தாள் எங்கே என்று. நான் எந்தத் தாள் என்றேன். அப்போது கட்டிலில் கிடந்த உன் அம்மா, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவள், கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"மாடு தின்னுடுச்சி, மிஸ்ஸி."

மிஸ்ஸிக்கு மாடு என்ற சொல் தெரியும், அதை அவர் மறக்க முடியுமா? என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னார். மிஸ்ஸி அதை மூன்று சொல்லாகச் சுருக்கினார்: இனி வெட்ட முடியாது. எட்டு மாதம் முன்னால் புளியங்கொட்டை அளவு இருந்ததாம். அன்றைக்கு வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார். நான் கயிற்றால் அடித்ததால் வந்ததா என்று கேட்டேன், மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டே அதை மாற்றிக் கேட்டார். அடியால் இந்தக் கட்டி வராது என்று பதில் வந்தது. எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அடித்ததால் வரவில்லை, தம்பி. அடித்ததால் வெளியே வராமல் போனது. கத்தி பட்டு உன் அம்மா சாகவில்லை. கத்தி படாமல் செத்தாள்.

நீ சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் நெருப்பு வைத்தாகிவிட்டது. என் சட்டையைப் பிடித்து, எப்படி என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என்னையும் அந்த நெருப்பில் தூக்கிப் போட்டிருப்பாய். உனக்கு அந்தப் பலமும் இருந்தது, நியாயமும் இருந்தது. எனக்குச் சாகப் பயம். ஆஸ்பத்திரியில் அறுத்துவிட்டார்கள் என்றேன். வியாபாரத்தில் ஆயிரம் பொய் சொன்ன வாய், இதுவும் வந்துவிட்டது. நீ நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், ஒன்றுமறியாத ஒரு சிப்பந்தியின் மூக்கை உடைத்தாய். அவன் தரையில் உட்கார்ந்து, நான் என்ன செய்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுதானாம். உன்னை லாக்கப்பில் வைத்தார்கள். நான் வந்து மீட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த மூக்கில் விழுந்த குத்து எனக்கு விழ வேண்டியது. உன் பெண்சாதியின் காதில் விழுந்ததும் அப்படித்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் தண்ணீர் கலக்காத பால் ஒரு டின் எடுத்துக்கொண்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். உன் பாலை என் வீட்டுப் பூனைகூடத் தொடாது என்று மலாயில் சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்று நாள் போனேன். நாலாம் நாள் கதவைத் திறந்து, பால் வேண்டாம், ஒரு சொல் வேண்டும் என்றார். சூசு என்றால் உங்கள் ஆண்களுக்கு விளங்கவில்லை, தமிழில் என்ன கூவ வேண்டும், சொல் என்றார். இருபது வருடம் பால், பால் என்று தெருத் தெருவாகக் கூவினவனுக்கு, அது வருகிற இடத்தின் பெயரை ஒரு பெண்ணின் எதிரில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கடைசியில் மார் என்றேன். அந்த அம்மாவுக்கு ர சரியாக வரவில்லை. மாறு, மாலு என்று என்னென்னவோ வந்தது. நீயே வந்து கூவு என்று தகரக் குழலை என் கையில் கொடுத்துவிட்டார்.

வேன் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை நான்தான் கூவினேன். மார் பார்க்கிற வேன் வந்திருக்கு, கட்டி இருந்தா ஆரம்பத்திலேயே சொல்லிடுவாங்க, பெண்கள் மட்டும் வாங்க என்று. காப்பிக்கடையில் ஒரே சிரிப்பு. பசாரில் மீன் வெட்டுகிற ஒருவன் எழுந்து நின்று, "என்ன பால்காரரே, இப்ப நேரா கொள்முதலா?" என்றான். குழலைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவன் குடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கிளாசாலேயே வாயில் போட்டேன். ஏழு தையல். அதற்காகக் கோர்ட்டுக்குப் போனேன், தப்பு என்றும் ஒப்புக்கொண்டேன். வருத்தம் என்று மட்டும் சொல்லவில்லை. மாட்டுக்கு மடி பார்க்கிறீர்களே, பெண்சாதிக்குப் பார்த்தால் என்ன என்று ஒரு தடவை குழலில் கேட்டேன். பெண்களை மாடு என்று சொல்லாதே என்று மிஸ்ஸி எல்லார் எதிரிலும் திட்டினார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு டோபி, வரிசையில் நின்ற தன் பெண்சாதியை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். என் கையில் அதே மாட்டுக் கயிறு இருந்தது. அவன் கழுத்தில் சுற்றி வேன் சக்கரத்தோடு கட்டினேன். திமிறினான், என் கட்டை விரலைக் கடித்தான், நான் குத்தியதில் இரண்டு பல் போனது. அவன் அப்படிக் கட்டுண்டு கிடக்கிறபோதே அவளை உள்ளே பார்த்தார்கள். கட்டி இருந்தது. ஆஸ்பத்திரித் தாளில் அவன் கட்டை விரலை வைக்க மாட்டேன் என்றான். நான் அவன் வீட்டு வாசலில் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள் என் தொல்லை பொறுக்காமல் வைத்தான். அவளை அறுத்தார்கள். ஒரு பக்கம் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேலாகிறது. தினமும் விடிந்ததும் சொம்போடு வந்து, "இது பாலா, இல்ல உங்க மாடு குளிச்ச தண்ணியா?" என்று என்னோடு சண்டை போடுகிறாள். தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். குறைத்திருக்கிறேன். டோபி என்னோடு பேசுவதில்லை. ஆனால் இப்போது துணி மூட்டையை அவன் சுமக்கிறான், அவள் முன்னால் கைவீசி நடக்கிறாள். அறுத்துவிட்டால் அவள் எதற்கு என்று கேட்டாயே, வந்து அவனைக் கேள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை. தெரிந்த இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கையில் ஒரு தாள் வந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல், பிறகு கோபப்படு. வீட்டுப் பெண் ஒரு வாக்கியம் சொன்னால், அதில் உன் பெயர் இருக்கிறதா என்று தேடாதே. அவள் தன்னைப் பற்றிக்கூடப் பேசலாம். பாலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள் என்றாள் உன் அம்மா. அதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்?

நீ நேரில் வருவதானால் வா. கையை ஓங்கிக்கொண்டு வருவதானாலும் வா. கயிறு கொட்டகையில் அதே ஆணியில்தான் தொங்குகிறது, எனக்குத் தோள் இன்னும் சாயவில்லை. உன் அம்மாவுக்காக என்னை அடிக்க வேண்டுமென்றால் அடி, திருப்பி அடிக்க மாட்டேன். அவளைத் தொட வந்தால் மட்டும் அடிப்பேன், மகன் என்று பார்க்க மாட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மிஸ்ஸியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அறுப்பதற்குச் சம்மதம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கீழே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அங்கே உன் கையெழுத்து. லாரி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. நீ கிழிப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் கிழித்தவன்தானே. அதனால் ஆஸ்பத்திரியில் மூன்று தாள் கேட்டு வாங்கினேன். இரண்டு என் பெட்டியில் இருக்கின்றன. திங்கட்கிழமை காலைக்குள் உன் தாள் வராவிட்டால் உன் பெயரை நானே போட்டுவிடுவேன். உன் கல்யாணத்தில் நீ போட்ட கையெழுத்து என்னிடம் இருக்கிறது. இத்தனை வருடம் தண்ணீரைப் பால் என்று விற்றவனுக்கு இது ஒரு வேலையா? ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன். ஆகவே அவளை அறுப்பது உன்னால் நிற்கப் போவதில்லை.

ஆனால் மயக்கம் தெளிந்ததும் அவள் அந்தத் தாளைத்தான் கேட்பாள். வந்ததா மாமா, வந்ததா மாமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாடு தின்றுவிட்டது என்று உனக்காக ஒரு பொய் சொல்ல அவள் உன் அம்மா இல்லை. படிக்கத் தெரிந்தவள். அது யார் போட்ட கையெழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்வாள்.

அப்பா